உள்ளடங்கிய கீழ்த்தாடை: 12 வயதில் ஒரு கணக்கு, 28 வயதில் வேறு கணக்கு

ஏழாவது படிக்கும் பெண்ணுக்கு மேல்பல் தூக்கலாக, மோவாய் உள்ளடங்கி இருக்கிறது. "பத்தாவது பரீட்சை முடியட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்" என்று வீட்டில் முடிவாகிறது. இன்னொரு வீட்டில் 28 வயதுப் பையனுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தாயிற்று. "ஆறு மாசத்துல சரி பண்ணிக் கொடுங்க டாக்டர்" என்கிறார்கள். சென்னையில் இந்த இரண்டையும் அடிக்கடி கேட்கலாம். இரண்டுமே தலைகீழ். காத்திருக்கக் கூடாதது முதல் வீடு. இரண்டாவது வீட்டார் ஒரு வருடம் ஆற அமர யோசித்துவிட்டு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கீழ்த்தாடை மற்ற முக எலும்புகளைவிடத் தாமதமாக வளர்வது. பருவ வயதில் உயரம் திடீரென்று கூடும்போது அதுவும் வேகமாக வளர்கிறது. அந்த ஓட்டம் இருக்கும்போது கருவி போட்டால் வளர்ச்சியையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டம் நின்றபின் மிஞ்சுவது இரண்டே வேலை: பல்லை நகர்த்துவது, அல்லது எலும்பை வெட்டி நகர்த்துவது. 25 வயதில் பிளேட் மாட்டித் தாடையை வளர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

முதலில் வீட்டில் அளந்து பாருங்கள்

15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். ஜியாமெட்ரி பாக்ஸ் பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அளவு தப்பிவிடும். பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, நாக்கு நுனியால் அண்ணத்தின் பின்பக்கத்தைத் தொட்டபடி மெதுவாகக் கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். நாக்கைப் பின்னே கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. தாடை உள்ளே இருக்கும் பிள்ளைகளில் பலர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே தாடையை முன்னே தள்ளி வைத்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள். அப்படி வைத்து அளந்தால் 4 மி.மீ. காட்டும், உண்மையில் 8 இருக்கும்.

கடித்த நிலையில் ஸ்கேலின் முனையைக் கீழ் வெட்டுப்பல்லின் முன்முகத்தில் வைத்து, மேல் வெட்டுப்பல்லின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2 முதல் 3 மி.மீ. இயல்பு. 6-ஐத் தாண்டினால் கட்டாயம் காட்ட வேண்டும். பிரிட்டனில் சிகிச்சைத் தேவையைத் தரம் பிரிக்கும் பட்டியலில் 6 முதல் 9 மி.மீ. வரை நான்காம் தரம், 9-க்கு மேல் ஐந்தாம் தரம், ஐந்துதான் உச்சம். இதில் அழகு மட்டும் இல்லை. இடைவெளி கூடக் கூட, விழுந்தால் முன்பல் உடையும் வாய்ப்பும் கூடுகிறது.

அடுத்தது பக்கவாட்டுப் படம். கைபேசியைப் பிள்ளையின் கண் உயரத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். எதிர்ச் சுவரை நேராகப் பார்க்க வேண்டும், பல் சேர்ந்திருக்க வேண்டும், உதட்டை இறுக்கி மூடக் கூடாது. ஒரு படம் எடுத்தபின், மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடும் வரை கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரச் சொல்லி இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது படத்தில் முகம் எடுப்பாகத் தெரிந்தால் குறை கீழ்த்தாடையில்தான், கருவியால் பயன் உண்டு. வாய்ப்பகுதி முழுதுமே துருத்திக்கொண்டு முன்னைவிட மோசமாகத் தெரிந்தால் மேல்தாடையிலோ பல்வரிசையிலோ சிக்கல் இருக்கிறது, சிகிச்சை வேறு. மருத்துவர்களும் நாற்காலியில் உட்காரவைத்து முதலில் செய்து பார்ப்பது இதையேதான்.

ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. சின்ன வயதில் மோவாயில் அடிபட விழுந்த பிள்ளை, வாயைத் திறந்தால் தன் விரல் மூன்றை மேலும் கீழுமாக வைக்க முடியவில்லை, அல்லது மோவாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது என்றால் கிளிப் பேச்சை எடுக்காமல் வாய், முக அறுவை மருத்துவரிடம் போங்கள். மூட்டு எலும்பில் முறிவு ஏற்பட்டு, மூட்டு ஒட்டிக்கொண்டு வளர்ச்சி நின்றிருக்கலாம்.

வளர்ச்சி மிச்சம் இருக்கிறதா?

முழுச் சிகிச்சையும் தொங்குவது இந்த ஒரு கேள்வியில். பிறந்த தேதி மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் இரண்டு வருட வித்தியாசம் இருக்கும்.

சுவரில் பென்சிலால் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறியுங்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ.-ஐ ஒட்டி ஏறினால் ஓட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். பெண்களுக்குப் பொதுவாக 10½ முதல் 13 வயதுக்குள், பையன்களுக்கு 12½ முதல் 15-க்குள் இது நடக்கும். பெண் வயதுக்கு வருவது உச்ச வளர்ச்சி தாண்டியபின். ஆகவே "பெரியவளாகட்டும், பார்க்கலாம்" என்பது வண்டி கிளம்பியபின் நிலையத்துக்கு ஓடுவது. வயதுக்கு வந்து ஓராண்டு வரை கொஞ்சம் வளர்ச்சி இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு ஆகிவிட்டால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பத்தாவது பரீட்சை எழுதும்போது பெண்ணுக்கு 15 முடிந்திருக்கும் என்பதை இதோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பையன்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் தயவு உண்டு.

மருத்துவர் எப்படியும் லேட்டரல் செஃபலோகிராம் என்ற பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பார். அதே படத்தில் கழுத்தெலும்பும் விழும். இரண்டாம், மூன்றாம் கழுத்தெலும்பின் அடிவிளிம்பில் குழிவு விழுந்து, நான்காவது இன்னும் தட்டையாக இருந்தால் தாடை வளர்ச்சியின் உச்சம் வாசலில் நிற்கிறது. மூன்றிலும் குழிவு ஆழமாகி, எலும்புகள் அகலத்தைவிட உயரமாகிவிட்டால் முடிந்துவிட்டது. இதற்கென்று தனியாகக் கை எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. கேட்டால் ஏன் என்று கேளுங்கள். அறிக்கையில் ஏஎன்பி கோணம் என்று ஒரு எண் இருக்கும், இரண்டு தாடைகளுக்கும் இடையே உள்ள முன்பின் வித்தியாசம் அது. 2 டிகிரி அளவில் இருந்தால் இயல்பு. 4-க்கு மேல் போனால் கீழ்த்தாடை பின்னே அல்லது மேல்தாடை முன்னே. கீழ்த்தாடை எவ்வளவு முன்னே நிற்கிறது என்று காட்டும் எஸ்என்பி எண் 80-க்குக் கீழே கணிசமாக இறங்கியிருந்தால் குற்றவாளி கீழ்த்தாடை.

அப்படியானால் எட்டு வயதிலேயே தொடங்கிவிடலாமே? வேண்டாம். எட்டில் ஒருமுறையும் பன்னிரண்டில் மறுமுறையும் என்று இரண்டு கட்டமாகச் செய்தவர்களும், பருவ வயதில் ஒரே கட்டமாகச் செய்தவர்களும் முடிவில் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று, பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சீக்கிரம் தொடங்குவதில் தெரிந்த ஒரே லாபம் முன்பல் அடிபடுவது குறைவது. ஆகவே பல் மிகவும் தூக்கலாக இருந்து, பிள்ளை துறுதுறுப்பாக விழுந்து எழுபவனாக இருந்தாலோ, பள்ளியில் கிண்டல் தாங்க முடியாமல் இருந்தாலோ மட்டும் முன்கூட்டித் தொடங்குவது நியாயம்.

ட்வின் பிளாக்: போடுவது சுலபம், போட்டே இருப்பதுதான் வேலை

பருவ வயதுக்கு நம்மூரிலும் அதிகம் தரப்படுவது ட்வின் பிளாக். ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் 1977-ல் உருவாக்கியது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அக்ரிலிக் பிளேட்டுகள். கடைவாய்ப்பற்களின் மேல் சாய்வாகச் சீவிய கட்டைகள், சாய்வு ஏறத்தாழ 70 டிகிரி. வாயை மூடினால் கீழ்க்கட்டை மேல்கட்டைக்கு முன்னால் போய்த்தான் உட்கார முடியும். தாடையும் கூடவே முன்னே வந்து நிற்கும்.

மேல் பிளேட்டின் நடுவில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அது எதற்கு என்று பலர் கேட்பதில்லை. உங்கள் தாடையையே முன்னே தள்ளிப் பாருங்கள்: கீழ்வரிசையின் அகலமான பகுதி மேல்வரிசையின் குறுகலான பகுதிக்கு நேராக வந்துவிடும். மேல்வரிசையை அகலப்படுத்தாவிட்டால் கடைவாய்ப்பற்கள் குறுக்கே கடிக்கும். பொதுவாக வாரத்துக்கு ஒரு கால்சுற்று. அதில் கிடைப்பது கால் மில்லிமீட்டருக்குள். மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதன்படி. பிளேட்டை வெளியே எடுத்து வைத்து, அம்புக்குறி காட்டும் பக்கம் திருகுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி ஒரு நாளை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரண்டு கால்சுற்றாகச் சேர்த்துத் திருகக் கூடாது, பிளேட் உட்காராது.

முதல் வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் பாதி பிரச்சினை தீரும். முதல் மூன்று நாள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், காலையில் கன்னத் தசை வலிக்கும், பேச்சு குழறும். வகுப்பில் பேர் சொல்லக் கூப்பிட்டால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும். ழகரமும் சகரமும்தான் ரொம்பப் படுத்தும். தினமும் இருபது நிமிடம் செய்தித்தாளைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் ஏழைக் கிழவனை வைத்துச் சொல்லும் நாநெகிழ் தொடர்கள் இதற்கென்றே பிறந்தவை. ஒரு வாரத்தில், மிஞ்சினால் பத்து நாளில், பேச்சு திரும்பிவிடும். ஆகவே புதுக் கருவியைப் பரீட்சை வாரத்தில் போடாதீர்கள். மே மாத விடுமுறையின் முதல் வாரம் அருமையான நேரம், அதற்காகப் பத்து மாதம் காத்திருக்க வேண்டியதில்லை என்றால்.

நாள் முழுக்கப் போட வேண்டும், சாப்பிடும்போதும்கூட. முதல் ஓரிரு நாள் சாப்பாட்டுக்குக் கழற்றலாம். வார முடிவுக்குள் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் எல்லாம் பிளேட்டோடு சாப்பிடப் பழகிவிட வேண்டும். மெல்லும்போது வரும் விசையும் நமக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. சாப்பிடக் கழற்றிய பிளேட்டை டிஷ்யூவில் மடித்து டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைப்பார்கள், அது கேன்டீன் குப்பைத்தொட்டிக்குப் போகும். பிளேட் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். பல் துலக்கும்போது, நீச்சலின்போது, கபடி மாதிரி மோதும் விளையாட்டின்போது கழற்றலாம். கழற்றினால் கடும் நிறமுள்ள டப்பாவுக்குள், வேறெங்கும் இல்லை.

கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். டூத்பேஸ்ட் அக்ரிலிக்கைக் கீறிவிடும்; கீறலில் நாற்றம் தங்கும். வெந்நீர் பட்டால் பிளேட் வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் அதே கதி. போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் சில வாரத்திலேயே வெள்ளையாக உப்புப் படியும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து வாரம் ஒருமுறை 15 நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

இனி எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

ஈறில் புண் வந்தால் பிளேட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மருத்துவரிடம் போகிறார்கள். அப்போது புண் ஆறியிருக்கும், எந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. முதல் நாள் மாலை கழற்றி, போவதற்கு முன் சில மணி நேரம் திரும்பப் போட்டுக்கொண்டு போங்கள். சிவந்த இடத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்வார். நெயில் ஃபைல் வைத்து வீட்டில் தேய்க்காதீர்கள். நாக்கால் பிளேட்டைத் தூக்கித் தூக்கி விளையாடும் பழக்கம் கொக்கிக் கம்பியைத் தளர்த்திவிடும். தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும் பிள்ளைக்குக் கீழ்க்கட்டை மேல்கட்டைக்குப் பின்னால் நழுவிப் போய் உட்காரும். இரவு முழுக்கப் போட்டும் பலன் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். மூக்கடைப்பு, அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளரும் சதை) இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரேயடியாக அதிகம் முன்னே இழுத்திருந்தாலும் இப்படி ஆகும். கட்டையைக் குறைத்துப் படிப்படியாக முன்னேற்றலாம்.

ஒவ்வொரு சந்திப்பிலும், அதாவது நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மேலே சொன்ன அதே ஸ்கேல் அளவை நாக்கைப் பின்னே வைத்து எடுத்துத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஒழுங்காகப் போட்டால் மாதம் சுமார் 1 மி.மீ. குறையும். மூன்று மாதம் எண் அசையாமல் நின்றால் ஒன்று பிளேட் வாயில் இல்லை, அல்லது வளர்ச்சி இல்லை. திட்டுவதால் பயன் கிடையாது. பிரிட்டனில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ட்வின் பிளாக் போட்ட பருவ வயதினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிகிச்சையை முடிக்கவே இல்லை. உங்கள் பிள்ளை மட்டும் விதிவிலக்கான சோம்பேறி அல்ல.

ஏழெட்டு மாதத்தில் முன்பல் இடைவெளி மூடியதும், வாயின் இரு பக்கமும் கடைவாய்ப்பற்கள் சேராமல் நிற்பதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். கட்டை நின்ற இடம் அது. மருத்துவர் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ, கீழ்க் கடைவாய்ப்பல் மேலே எழுந்து இடைவெளி மூடும். உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று: பிள்ளை தாடையை முன்னே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது, எலும்பும் பல்லும் இன்னும் வரவில்லை என்ற நிலை. பிளேட்டை இரண்டு நாள் கழற்றினால் பழைய இடைவெளி எட்டிப் பார்க்கும். அதனால்தான் இடைவெளி மூடிய அன்றே நிறுத்தாமல் இன்னும் மூன்று முதல் ஆறு மாதம் தாங்கு காலமாக வைத்து, பிறகு நிலையான கிளிப் ஒன்றே கால் வருடம் அளவுக்குப் போடுகிறார்கள். மொத்தம் இரண்டு, இரண்டரை வருடக் கணக்கு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 8 மி.மீ. இடைவெளி 2-ஆகக் குறைந்தால் அதில் பெரும்பகுதி மேல்பல் பின்னே சாய்ந்து, கீழ்ப்பல் முன்னே சாய்ந்து வந்தது. எலும்பின் பங்கு ஓரிரு மில்லிமீட்டர். முகத்தில் அந்த ஓரிரு மில்லிமீட்டரும் தெரியும்தான், ஆனால் தாடையே புதிதாக முளைத்துவிடுவதாக விளம்பரத்தில் சொல்வதை நம்ப வேண்டாம்.

பிளேட் போடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கும், உச்சம் தாண்டி வந்த 14, 15 வயதுக்கும் கழற்ற முடியாத கருவி உண்டு. 1905-ல் எமில் ஹெர்பஸ்ட் காட்டிய தொலைநோக்கிக் குழல் போன்ற அமைப்பு ஒன்று. கிளிப்பின் கம்பியிலேயே ஸ்பிரிங் மாட்டும் வகை இன்னொன்று. போடவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிலுக்கு உடைவது அதிகம், கீழ் முன்பல் முன்னே சாய்வதும் அதிகம். முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய்க்கு விடை கொடுத்துவிட வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு: பல்லைப் பிடுங்குவதற்கு முன் முடிவு செய்யுங்கள்

பெரியவர்களுக்கு மூன்று வழி. அப்படியே விட்டுவிடுவது, பல்லை மட்டும் நகர்த்திக் குறையை மறைப்பது, அறுவை. முதல் வழியையும் வழியாகவே எண்ணுங்கள். மெல்ல முடிகிறது, ஈறில் கீழ்ப்பல் குத்தவில்லை, கண்ணாடி பார்த்தால் மனம் நோகவில்லை என்றால் யாரும் சொல்வதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. உரத்த குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும் இருந்தால் மட்டும் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, அந்த அறிக்கையோடு போங்கள். தாடையை முன்னே கொண்டுவரும் அறுவை மூச்சுப்பாதையையும் விரிக்கும் என்பதால், தேர்வே மாறலாம்.

மறைக்கும் வழியில் பெரும்பாலும் மேல் முன் கடைவாய்ப்பல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. அகலம். அந்த இடத்தில் முன்பற்களைப் பின்னே இழுப்பார்கள். இழுக்கும்போது பின்பற்களும் முன்னே நழுவும், 7 மி.மீ.-ல் இரண்டு மூன்று அப்படியே போய்விடும். அதைத் தடுக்க 1.5 மி.மீ. தடிமன் அளவில் ஒரு சின்ன ஸ்க்ரூவை ஈறு வழியாக எலும்பில் போடுகிறார்கள். பார்த்தால் பயமாக இருக்கும், மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி பெரிதில்லை. ஸ்க்ரூவைச் சுற்றி ஈறு வீங்கினால் தளர்ந்துவிடும். மென்மையான பிரஷால் தினமும் துலக்குவதுதான் அதன் ஆயுள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? இடைவெளி 6, 7 மி.மீ. அளவில் இருந்து, பக்கவாட்டு முகம் உங்களுக்கே பெரிய குறையாகத் தெரியாவிட்டால் பொருந்தும். 10 மி.மீ.-க்கு மேல் என்றால் பல்லால் மட்டும் மூடுவது பெரும்பாலும் சரிவராது. வலிந்து மூடினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மேலுதடு தட்டையாகிப் பின்னே போகும், மூக்கு நீண்டதுபோல் தெரியும், மோவாயோ இருந்த இடத்திலேயே இருக்கும். பல் வரிசை அழகாக இருந்தும் வயது கூடியதுபோன்ற முகம். ரப்பர் பேண்டை மட்டும் நம்பிக் கீழ்ப்பல்லை முன்னே இழுத்தால் அது எலும்பின் விளிம்பைத் தாண்டி, ஈறு இறங்கி வேர் தெரியும். மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் போடும் அந்த ரப்பரை ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் இரண்டாகப் போடுவதும் வேண்டாம்; பல் வேகமாக நகராது, வலிக்கும்.

பல்லின் மேல் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையான ட்ரான்ஸ்பரென்ட் அலைனரும் இந்த வழிக்குள்தான் அடங்கும். லேசான குறைக்கு, நாளுக்கு 22 மணி நேரம் போடும் ஒழுக்கம் இருந்தால் வேலை செய்யும். உலோகக் கிளிப் போடுபவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: கிளிப்பைக் கட்டும் ரப்பர் வளையத்தில் நிறமில்லாததைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு சாம்பார் சாதத்தில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறம் கேளுங்கள்.

தலைப்பில் சொன்ன முடிவு ஏன் முக்கியம் என்றால், மறைக்கும் வழியும் அறுவை வழியும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஒன்றில் மேல்பல்லைப் பின்னே இழுக்கிறோம். மற்றதில் எலும்பு நகர இடம் வேண்டி, தாமாகச் சாய்ந்து சமாளித்துக்கொண்டிருக்கும் பற்களை நேராக்குகிறோம். முதல் வழியில் போய், மனம் மாறி இரண்டாவதுக்கு வந்தால் மூடிய இடத்தைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

அறுவை என்றால் என்ன நடக்கும்

ஞானப்பல் கீழே புதைந்திருந்தால் அறுவைக்கு ஆறு மாதம் முன்பே எடுத்துவிடுவது வழக்கம். வெட்டு விழும் இடத்துக்கு அருகில் பள்ளம் ஆறாமல் இருந்தால் எலும்பு தாறுமாறாகப் பிளக்கலாம். அறுவைக்கு முன் கிளிப் 9 முதல் 18 மாதம். இந்தக் காலத்தில் பல் இன்னும் தூக்கலாகத் தெரியும். 8 மி.மீ. இருந்தது 11 ஆகும். வீட்டில் "காசு கொடுத்துக் கெடுத்துக்கிட்டியே" என்பார்கள். திட்டமே அதுதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆறு மாதத்தில் கல்யாணம் என்றால் தொடங்காதீர்கள். கல்யாணம் முடித்துவிட்டு வாருங்கள். நிச்சயதார்த்தப் படங்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அறுவை முழுவதும் வாய்க்குள் நடக்கும், வெளியே தழும்பு இல்லை. கீழ்த்தாடையின் பின்பகுதியை இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு பட்டையாகப் பிரிக்கிறார்கள். தீப்பெட்டியின் உள்பெட்டியை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: மூட்டு உள்ள பட்டை இடத்திலேயே நிற்க, பல் உள்ள பகுதி முன்னே சறுக்கி வரும். இரண்டும் இன்னும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருப்பதால் எலும்பு சேர்ந்துவிடும். டைட்டேனியம் தகடும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குவார்கள். தொந்தரவு தராவிட்டால் அவை வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். இந்த முறை 1957-லிருந்து மெருகேறி வந்திருப்பது.

கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. எனவே அறுவைக்குப்பின் உதடும் மோவாயும் மரத்துப்போவது ஏறத்தாழ எல்லோருக்கும் நடப்பது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பும். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகத் தங்கும், வயது கூடினால் அந்த வாய்ப்பும் கூடும். ஃபில்டர் காபி டம்ளரை உதட்டில் வைத்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். ஆற்றி, விரலால் தொட்டுப் பார்த்துக் குடியுங்கள். சவரத்திலும் அதே கவனம்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். மருத்துவமனையில் சில நாள், அலுவலக வேலைக்கு இரண்டு மூன்று வாரம், மோதும் விளையாட்டுக்கு மூன்று மாதம். சாப்பாடுதான் வீட்டாரைத் திண்டாட வைப்பது. முதல் இரண்டு வாரம் திரவம், ஆறு வாரம் வரை மெல்லாமல் விழுங்கக்கூடியது. நாளுக்கு ஆறேழு முறை, ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மி.லி. ரசமும் பருப்புத் தண்ணீரும் கொடுத்து வயிறு நிறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதில் புரதம் மிகக் குறைவு. பருப்பையே குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டிக் கொடுங்கள். கால் லிட்டர் பாலில் 8 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் என்று கூட்டிப் பாருங்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 70 கிராமாவது தேவை. அதற்குச் சத்துமாவுக் கஞ்சி மட்டும் போதாது. ஸ்ட்ரா வேண்டாம், மூக்கு நீண்ட பிளாஸ்டிக் புட்டியில் கன்னத்து ஓரமாக விடலாம்.

பிறகு கிளிப் இன்னும் ஆறு மாதம் அளவில் இருக்கும். மூட்டு வலிக்காக மட்டும் இந்த அறுவையைச் செய்துகொள்ளாதீர்கள். வலி போகும் என்று உறுதி கிடையாது. கடி சரியாகவே இருந்து மோவாய் மட்டும் சின்னதாக இருந்தால் மோவாய் எலும்பை மட்டும் நகர்த்தும் சிறிய அறுவை போதும், நீண்ட கிளிப் காலமும் தேவையில்லை.

எங்கே போவது, என்ன கேட்பது

எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் சீரமைப்பில் முதுநிலைப் படிப்பு, படித்தவரிடம் போங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953-லிருந்து இருக்கிறது. குறைந்த செலவில் முடிக்க அது முதல் இடம். காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள், பள்ளி நாளில் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். வேலப்பன்சாவடி, மதுரவாயல், போரூர், ராமாபுரம், உத்தண்டி பக்கங்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர் பார்ப்பார். அங்கே கேட்க வேண்டிய கேள்வி: அவர் எத்தனையாவது வருடம்? படிப்பு மூன்று வருடம். இறுதியாண்டில் இருப்பவர் உங்கள் பாதிச் சிகிச்சையில் கிளம்பிவிடுவார், கேஸ் வேறு கைக்கு மாறும். முதலாண்டு மாணவர் கிடைத்தால் இரண்டரை வருடமும் ஒரே கை.

தனியார் கிளினிக்கில் தொகையை எழுதி வாங்குங்கள். ட்வின் பிளாக்குக்குத் தனி, பின்னால் போடும் கிளிப்புக்குத் தனி என்று இருக்கிறதா, பிளேட் தொலைந்தால் எவ்வளவு, கிளிப் கழற்றியபின் பல் பழைய இடத்துக்குப் போகாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் சேர்ந்ததா என்று வரிவரியாகக் கேளுங்கள். அறுவைக்கு மருத்துவமனை, மயக்க மருந்து, தகடு எல்லாம் தனித்தனி. பல், முகத் தோற்றம் சார்ந்த சிகிச்சைகளைப் பெரும்பாலான காப்பீடுகள் விலக்கி வைத்திருக்கும்; தூக்கத்தில் மூச்சுத்திணறல் அறிக்கை இருந்தால் அதை வைத்து முன்அனுமதியை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பதில் வந்தபின் தேதி குறியுங்கள்.

தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே, பல் அச்சு, முகப்படங்களின் நகலை உங்களிடமே வைத்திருங்கள். பிள்ளை ப்ளஸ் டூ முடித்து வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனாலும், வேறு மருத்துவர் தொடர அது வேண்டும். கிளிப் கழற்றியபின் கீழ்ப்பல்லின் உள்பக்கம் ஒட்டும் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருந்தால் வீட்டில் தெரியாது, பல் மெல்லத் திரும்பத் தொடங்கியிருக்கும். இரவில் போடும் ரிடெய்னர் ஒருநாள் இறுக்கமாக உட்கார்ந்தால், அன்றிலிருந்து அதை விடாமல் போட்டுக்கொண்டு, அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.